கயிறு மாட்டினால் படுத்துவிடும் லாப்ரடார் குட்டியை டாக் ஷோவுக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டி புரூனோவுக்கு நான்கு மாதம் ஆகிறது. கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவு, மைக்ரோசிப் எல்லாம் இருக்கிறது. டாக் ஷோவில் விடலாம் என்று குட்டியைக் கொடுத்தவர் சொன்னார். ஆனால் இவன் ரொம்பச் சாது. யார் தூக்கினாலும் பேசாமல் இருப்பான். கயிறு மாட்டினால் நாலு அடி நடப்பான், உட்காருவான், அப்படியே படுத்துவிடுவான். இழுத்தால் தரையோடு தேய்ந்துகொண்டு வருவானே தவிர எழுந்திருக்க மாட்டான். பிஸ்கட்டைக் காட்டினால் எழுந்து தின்றுவிட்டு மறுபடியும் படுக்கிறான். "இவன் ஷோவுக்கு லாயக்கில்லை" என்கிறார் என் கணவர். ஒரு மாதம் தன்னிடம் விட்டால் பழக்கித் தருவதாக ஷோவில் நாய்களை ஓட்டிக் காட்டும் ஹேண்ட்லர் ஒருவர் சொல்கிறார். விடலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

லாயக்கில்லை என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். லாப்ரடாருக்கான எஃப்சிஐ (சர்வதேச நாய் கூட்டமைப்பு) தரக்குறிப்பு (எண் 122), இந்த இனம் அன்பான சுபாவத்தோடு, மூர்க்கமோ மிதமிஞ்சிய கூச்சமோ துளியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. முன்பின் தெரியாத நடுவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், தோளையும் முதுகையும் தடவிப் பார்ப்பார், ஆண் என்றால் விரை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார். அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் பொறுமையைத் துறுதுறுப்பான குட்டிகளுக்குப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். உங்கள் குட்டிக்கு அது பிறவியிலேயே வந்திருக்கிறது. பாக்கி இருப்பது நடைதான்.

உங்கள் கடிதத்தில் பதிலும் இருக்கிறது. பிஸ்கட்டைக் காட்டினால் எழுந்து தின்றுவிட்டுப் படுக்கிறான் என்கிறீர்கள். அவன் பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறான்: படுத்தால் பிஸ்கட் வரும். மந்தமான குட்டிக்கு இவ்வளவு சீக்கிரம் இது பிடிபடாது. வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. தீனி முன்னால் வந்தால் அது லஞ்சம். நடந்த பிறகு வந்தால்தான் கூலி. சாதுவான குட்டியைப் பழக்குவதில் பாதி வேலை இந்த வரிசையைச் சரிசெய்வது. மீதிப் பாதி, அவனுக்கு அலுப்பு தட்டும் முன்பே நீங்கள் நிறுத்திக்கொள்வது.

பயிற்சியைத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சாது என்று நாம் நினைப்பது சில சமயம் உடம்புக் கோளாறாக இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழுவோ, உண்ணிக் காய்ச்சலால் வந்த ரத்தசோகையோ காரணமாக இருக்கலாம். நம் ஊரில் உண்ணி வருஷம் முழுவதும் இருக்கிறது. காதின் உள்மடிப்பிலும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். தூங்கி எழுந்ததும் கால் விறைத்த மாதிரி நடக்கிறானா, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவுகிறானா என்று கவனியுங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டிலும் முன்னங்கால் முழங்கை மூட்டிலும் கோளாறு வருவது உண்டு. மூட்டு வலிக்கிற குட்டி படுப்பதைப் பயிற்சியால் மாற்ற முடியாது, மாற்ற முயலவும் கூடாது.

இன்னொன்று, பல். நான்கு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதம் வரை பல் மாறிக்கொண்டே இருக்கும். ஈறு வீங்கி வலிக்கும் நாட்களில் தாடைக்குக் கீழே கயிறு அழுந்தினால் நேற்றுவரை நடந்த குட்டிகூட உட்கார்ந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்திலோ கடிக்கும் பொம்மையிலோ லேசாக ரத்தக்கறை கண்டால் அந்த நாட்களில் ஷோ லீட்டை (ஷோவுக்கான மெல்லிய சுருக்குக் கயிற்றை) தொடாதீர்கள். கயிறு இல்லாமல் பின்னால் வரப் பழக்குங்கள். பல்லைப் பார்க்கும் பயிற்சியையும் உதட்டை ஒரு நொடி தூக்கி விடுவதோடு நிறுத்துங்கள். இந்த வயதில் வாயைப் பிடித்துத் திறந்து வலிக்கச் செய்துவிட்டால், பிறகு நடுவர் கை முகத்துக்கு வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்வான்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், அவன் படுப்பது சுகத்திலா பயத்திலா என்று பாருங்கள். வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சுகத்தில் படுப்பவன் உடம்பு தளர்ந்திருக்கும், ஒருபக்கம் சாய்ந்து கயிற்றைக் கடித்து விளையாடுவான், தீனியை உடனே வாங்கிக்கொள்வான். பயத்தில் உறைந்தவன் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொள்வான். வால் உள்ளே போயிருக்கும், காது பின்னுக்கு மடிந்திருக்கும், வெயில் இல்லாமலே மூச்சு வாங்கும், மூக்கை நக்கிக்கொண்டே இருப்பான், பிடித்த தீனியைக்கூடத் தொட மாட்டான். புரூனோ தின்கிறான் என்பதால் முதல் வகை என்றே தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்குள் தின்பவன் தெருவில் தின்ன மறுத்தால், தெருவைப் பொறுத்தவரை அவன் இரண்டாவது வகை. அங்கே கயிற்றுப் பயிற்சி செய்யாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து வேடிக்கை மட்டும் காட்டுங்கள். தடுப்பூசியின் கடைசி டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது என்பதற்கும் இது பொருந்தி வரும். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் தெருமண்ணில்தான் காத்திருக்கிறது.

பகலில் அவனை இரும்புச் சங்கிலியில் கட்டிவைக்கிறீர்களா? நம் வீடுகளில் சகஜமாக நடப்பது என்பதால் கேட்கிறேன். கட்டிப்போட்ட குட்டி கழுத்தில் எடை விழுந்தால் படுத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்யும்? சங்கிலியை விட்டுவிடுங்கள். அடைத்துவைக்க வேண்டிய நேரத்தில் கதவு போட்ட அறையோ கூண்டோ போதும். கழுத்தில் ஏதாவது மாட்டினால் நல்லது நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும்.

சாமான் அதிகம் வேண்டாம். வீட்டில் போட்டிருக்க மெத்தென்ற நைலான் காலர் ஒன்று, கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிற வேகத்துக்கு வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பயிற்சிக்கு ஒற்றை நைலான் ஷோ லீட் ஒன்று: ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம், நாலு அடி நீளம், சுருக்கு நழுவாமல் இருக்கச் சின்னத் தடை வளையம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். தினசரி உலாவுக்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் பூட்டும் வார்) போட்டால் இன்னும் நல்லது. ஹார்னஸ் போட்டால் மோந்து பார்க்கலாம், தன் இஷ்டப்படி நடக்கலாம். ஷோ லீட் போட்டால் நம்மோடு விளையாட்டு என்று அவன் பிரித்துக்கொள்வான். ஷோ லீட்டைப் பயிற்சி நேரம் தவிர மாட்டாதீர்கள்.

தீனிக்கு பிஸ்கட் உதவாது. மெல்ல நேரமாகும், தூள் தரையில் சிந்தும், அதை நக்கத் தலை கீழே போகும். ரிங்கில் (ஷோவில் நாயை நடுவருக்கு ஓட்டிக் காட்டும் இடத்தில்) தலையைத் தொங்கப்போட்டு மோந்துகொண்டு நடக்கும் லாப்ரடார்களில் பல இப்படித் தூள் பொறுக்கிப் பழகியவைதாம். கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, பாதிப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். மெல்லாமல் விழுங்கிவிட வேண்டும். 100 கிராம் கறி இரண்டு மூன்று நாளைக்கு வரும். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். சைவ வீடு என்றால் பனீர். கோழி ஈரல் குட்டிகளுக்கு உயிர், ஆனால் அதிகமானால் வயிறு இளகும். வாரம் ஒன்றிரண்டு நாள், புது இடத்துக்குப் போகும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குக் கொடுக்கும் தீனி அவன் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதைச் சாப்பாட்டுத் தட்டில் குறைத்துவிடுங்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எவ்வளவு போட்டாலும் கேட்பான் என்பதால் அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். கொழுத்த குட்டி நடக்காது, நடந்தாலும் உருளும்.

பயிற்சி சாப்பாட்டுக்கு முன்பு. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, முடிந்தால் நடுவில் வீட்டுக்குள் ஒருமுறை. ஒவ்வொன்றும் இரண்டே நிமிடம். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் போய்விடும். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. சாதுவான குட்டிக்கு ஒரே வேலையை இருபது தடவை செய்யச் சொன்னால் இருபத்தோராவது தடவை மட்டுமல்ல, மறுநாளும் செய்யாது. நன்றாக நடந்த உடனே நிறுத்தினால் மறுநாள் அவனே வந்து நிற்பான்.

வழுக்கும் தரையிலும் வேண்டாம். டைல்ஸ், கிரானைட்டில் கால் வழுக்குகிற குட்டி நடக்கப் பயந்து உட்காரும்; நாம் அதைப் பிடிவாதம் என்போம். கயிற்றுப்பாயோ ரப்பர் விரிப்போ போட்டு நீளமாக ஒரு வழி அமையுங்கள். மொட்டை மாடி நல்ல இடம், ஆனால் சூரியன் இறங்கிய பிறகும் தளம் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையைத் தளத்தில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அவனுக்கும் தாங்காது.

இனி வேலையைத் தொடங்கலாம். முதல் மூன்று நாள் நடத்தவே வேண்டாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், "யெஸ்" என்றே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். "யெஸ்" என்று சொல்லி ஒரு நொடிக்குள் வாயில் தீனி. பத்துத் தடவை செய்தால் அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் கையைப் பார்ப்பான். அதே நாட்களில் ஷோ லீட்டை எடுத்து, சுருக்கை அவன் முன்னால் பிடியுங்கள். மூக்கை உள்ளே விட்டால் "யெஸ்", தீனி. நீங்கள் மாட்டக் கூடாது, அவனே தலையை நுழைக்க வேண்டும். நுழைத்ததும் நாலைந்து துண்டு கொடுத்துக் கழற்றிவிடுங்கள். கழற்றியதும் தீனி நின்றுபோக வேண்டும், அது முக்கியம்.

அடுத்து, கயிறு இல்லாமல் உங்கள் இடது பக்கம் வரப் பழக்குங்கள். தீனிக் கையை இடது தொடையருகே வைத்துக்கொண்டு பின்னோக்கி இரண்டடி வையுங்கள். அவன் எழுந்து வருகிற முதல் அடியில் "யெஸ்". வந்து சேர்ந்த பிறகு சொன்னால், வந்து நின்றதற்குப் பரிசு கிடைத்ததாக நினைத்துக்கொள்வான். கால் நகர்கிற கணத்தில் சொல்ல வேண்டும். பிறகு திரும்பி, அவன் இடது பக்கம் இருக்க மூன்றடி, ஐந்தடி, இரண்டடி, ஏழடி என்று மாற்றி மாற்றி நடங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போனால், இது கஷ்டமாகிக்கொண்டே போகும் வேலை என்று புரிந்துகொண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

இதன் பிறகே கயிற்றில் அழுத்தம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் நடந்த தவறு இந்த இடத்தில்தான். கழுத்தை ஒருபக்கம் இழுத்தால் மறுபக்கம் சாய்ந்து ஊன்றிக்கொள்வது நாய்க்கு இயல்பு. எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு ஊன்றும், அதுவும் முடியாதபோது படுக்கும். ஆகவே கயிற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடியுங்கள். முன்பக்கமாக இல்லாமல் பக்கவாட்டில், ஒரு கர்ச்சீப் எடை அளவுக்கு லேசாக இழுப்புக் கொடுத்து அப்படியே நிறுத்துங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்புவான், அல்லது எடையை ஒரு காலுக்கு மாற்றுவான். அந்த நொடியே கயிறு தொய்ய வேண்டும், "யெஸ்", தீனி. பக்கவாட்டில் இழுப்பதற்குக் காரணம் உண்டு. நேராக முன்னே இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்ள முடியும். பக்கவாட்டில் வந்தால் சமநிலைக்காக ஒரு காலையாவது நகர்த்தியே ஆக வேண்டும். அந்த ஒரு கால்தான் உங்களுக்கு வேண்டியது. ஐந்தாறு முறை இடப்பக்கம், ஐந்தாறு முறை வலப்பக்கம், அன்றைக்குப் போதும்.

படுத்துவிட்டால்? இழுக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள், பெயரைச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், தீனிப் பையைத் தொடாதீர்கள். கயிற்றைத் தொய்யவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று வேறெங்கோ பாருங்கள். மனதுக்குள் பதினைந்து எண்ணுங்கள். பெரும்பாலும் என்ன ஆயிற்று என்று பார்க்க எழுந்துவிடுவான். எழுந்து முதலடி வைத்ததும் "யெஸ்", தீனி. எழாவிட்டால் இரண்டடி தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்காருங்கள். குட்டிகளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதற்கும் எழாவிட்டால் லீட்டைக் கழற்றி, சத்தமில்லாமல் அன்றைய பாடத்தை முடித்துக்கொள்ளுங்கள். தட்டில் கொஞ்சம் தாமதமாகச் சாப்பாடு வரட்டும். திட்டு மட்டும் வேண்டாம். இதில் உங்கள் கணவரின் ஒத்துழைப்பு கட்டாயம் தேவை. நீங்கள் இரண்டு வாரம் பழக்கியதை ஒருவர் ஒரே மாலையில் இழுத்துக்கொண்டு போய்க் கெடுத்துவிடலாம். ஷோ லீட் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

பத்துப் பதினைந்தடி தொய்வான கயிற்றில் வருகிறான் என்றால் வேகத்தைப் பாருங்கள். சாதுவான குட்டிகளுக்கென்றே உரிய கோளாறு ஒன்று இங்கே வரும். லாப்ரடாரை ரிங்கில் டிராட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். டிராட்டில் இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து போகும், பிறகு மற்ற இரண்டும். மெதுவாகவே நடந்து பழகிய குட்டி, ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வைத்து ஆடி ஆடி நடக்கும். இதற்குப் பேசிங் என்று பெயர். பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு இடமும் வலமும் உருளும். அவனுக்கு அது சிரமமில்லாத நடை, அதனால் பழகிவிட்டால் விடமாட்டான். கூட நடக்கும்போது உங்கள் கண்ணுக்கு இது தெரியாது. வீட்டில் யாரையாவது ஆறேழு அடி தள்ளிக் குந்தவைத்து, ஃபோனை முட்டி உயரத்தில் பிடித்து ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பேசிங் தெரிந்தால் ஓட்டத்தின் நடுவே சரிசெய்யப் பார்க்காதீர்கள். நின்று, கயிற்றைத் தொய்யவிட்டு, சின்ன அரைவட்டம் அடித்து, அந்த வளைவிலிருந்தே சட்டென்று வேகமாகக் கிளம்புங்கள். முதல் மூன்றடி வேகமாக அமைந்தால் கால்கள் தாமாகக் குறுக்கே மாறிக்கொள்ளும். நான்கு மாதக் குட்டிக்கு உங்கள் வேகநடையே போதும். ஆறு மாதத்தில் மெல்லோட்டம் தேவைப்படும். ஓட்டம் பத்துப் பதினைந்து மீட்டர், ஒரு வேளைக்கு மூன்று நான்கு தடவை, அதற்குமேல் கூடாது. எலும்பு நுனிகள் முற்ற ஏறக்குறைய ஒரு வயது ஆகும். அதுவரை சைக்கிள் ஓட்டம், டிரெட்மில், மாடிப்படி ஏற்றி இறக்குவது எதுவும் வேண்டாம்.

கயிற்றை மேலே தூக்கிப் பிடித்துத் தலையை நிமிர்த்தி ஓட்டுவதை ஷோக்களில் பார்த்திருப்பீர்கள். சில இனங்களுக்கு அது வழக்கம். லாப்ரடாருக்கு அது பாதகம். எட்டிக் காலைப் போட்டு ஓடும்போது தலை தானாகவே கொஞ்சம் முன்னால் நீளும். இறுக்கித் தூக்கினால் முன்கால் எட்டாமல் குத்தி விழும், முழங்கை வெளியே விரியும். நல்ல தோள் உள்ள குட்டியையும் மோசமான தோள் உள்ளதாக நடுவருக்குக் காட்டிவிடும். சுருக்கு காதுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கட்டும், மிச்சக் கயிற்றை மடித்து இடது உள்ளங்கையில் அடக்கிக்கொள்ளுங்கள், கைக்கும் கழுத்துக்கும் நடுவில் கயிறு லேசாகத் தொங்க வேண்டும்.

உற்சாகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், இந்தச் சுபாவத்துக்கு இதைவிட நன்றாக வேலை செய்வது வேறில்லை. இன்னொருவர் குட்டியின் நெஞ்சை இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அவன் மூக்கருகே தீனியைக் காட்டிவிட்டு, "ரெடி... ரெடி..." என்று சொல்லிக்கொண்டே பத்தடி ஓடுங்கள். அவன் திமிறும் கணத்தில் விடச் சொல்லுங்கள். பாய்ந்து வருவான். இதை ஒருநாளைக்கு இரண்டு தடவை, இரண்டே தடவை செய்யுங்கள். சில வாரத்தில் "ரெடி" என்ற சொல் காதில் விழுந்தாலே உடம்பு முன்னால் சாயும். ரிங்கில் ஓட்டத்தைத் தொடங்குமுன் மெல்லிய குரலில் அதைச் சொன்னால் போதும். இந்தச் சொல்லைச் சோற்றுக்கோ கார் ஏறுவதற்கோ வீணாக்காதீர்கள்.

நிற்பதற்கு வருவோம். நம் வீடுகளில் குட்டிக்கு முதலில் கற்றுத்தருவது "சிட்". அதனால் தீனிக் கை தெரிந்தாலே பின்பக்கம் தரையில் போய்விடும். ஷோவுக்குப் போகிற குட்டிக்கு அந்தச் சொல்லைக் கொஞ்சகாலம் மறந்துவிடுங்கள். தீனியை மூக்குயரத்துக்குச் சற்றுக் கீழே, அரை அடி முன்னால் பிடியுங்கள். கை மேலே போனால் தலை உயரும், தலை உயர்ந்தால் பிட்டம் இறங்கும். உட்காருவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கை உயரம்தான். நாலு காலும் ஊன்றியிருக்கும்போது மூன்று நொடிக்கு ஒரு துண்டு, பிறகு ஐந்து, எட்டு என்று இடைவெளியை நீட்டுங்கள். நின்று பழகிய பிறகே காலைப் பிடித்து வைக்கலாம்: முன்காலை முழங்கையைப் பிடித்தும் பின்காலை கணுமூட்டைப் பிடித்தும் வையுங்கள், பாதத்தைப் பிடித்தால் உதறுவான். பின்கால் கணு தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வாலை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டாம். லாப்ரடாருக்கு வால் முதுகின் மட்டத்தில் இருந்தால் அழகு, உற்சாகத்தில் கொஞ்சம் உயர்ந்தாலும் தப்பில்லை, முதுகுமேல் சுருளத்தான் கூடாது.

ரிங்கில் நடையின் வடிவங்கள் சிலவே. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டம், நேராகப் போய்த் திரும்புவது, முக்கோணம். நாய் உங்கள் இடப்பக்கம், நடுவர் வட்டத்தின் நடுவில். திரும்பி வந்து நடுவருக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, குட்டி தானாக நிற்கும்படி விட வேண்டும். நடுவர் கால்வரைக்கும் ஓட்டிப்போனால் குட்டி அண்ணாந்து பார்த்து உட்கார்ந்துவிடும். நம் ஷோக்கள் அதிகமும் புல்தரை மைதானங்களில் நடக்கின்றன. நூறு நாய்கள் நடந்த புல்லின் வாசனை குட்டியின் தலையைக் கீழே இழுக்கும். தடுப்பூசி முடிந்ததும் வாரம் ஒரு புது மைதானம் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஹார்னஸில் ஆசைதீர மோந்து பார்க்கட்டும், பிறகு ஷோ லீட்டில் இரண்டு நிமிடம். தெருநாய்கள் தொல்லையில்லாத இடமாகப் பாருங்கள். ஒன்று விரட்டி வந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், ஓடாதீர்கள்.

எந்த ஷோவில் முதலில் விடுவது? வயது வகுப்புகள் ஷோ அட்டவணையில் இருக்கும். எந்தக் குட்டி வகுப்பில் வருகிறான் என்று பார்த்து, தடுப்பூசிச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் ஊட்டியில் நடத்தும் ஷோ பெரிய கூட்டம் கூடும் இடம். குளிர் லாப்ரடாருக்கு ஒத்துவரும். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் குட்டிக்கு வாந்தி வந்தால், மைதானத்தில் துவண்டு கிடப்பான். சாது என்று நீங்கள் நினைப்பீர்கள். கிளம்புமுன் மூன்று நான்கு மணி நேரம் வெறும் வயிறு, ஒருநாள் முன்பே போய்த் தங்குவது, அதற்கு முன்பே சின்னச் சின்னக் கார் பயணம் பழக்குவது, இவை உதவும். வாந்தி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள், தூக்கம் வரவைக்காததாகக் கேளுங்கள்.

ஷோ அன்று அவனைக் கூட்டிக்கொண்டு சுற்றாதீர்கள். நிழலில் கூண்டு, ஈரத்துணி, தண்ணீர், தூக்கம். வகுப்புக்குக் கால்மணி முன்பு எழுப்பி, ஒன்றுக்குப் போகவிட்டு, இருபது நொடி விளையாட்டு, "ரெடி" சொல்லி ஐந்தடி ஓட்டம். ரிங்கில் படுத்துவிட்டால் வீட்டில் செய்ததையே செய்யுங்கள்: கயிறு தொய்வு, பக்கவாட்டில் ஓரடி, எழுந்ததும் சின்ன வட்டம், மறுபடி கிளம்பு. குட்டி வகுப்பில் நடுவர்கள் இதைத் தினம் பார்ப்பவர்கள். ஒரு நிமிடம் பொறுப்பார்கள். வெளியே வந்ததும் ஷோ லீட்டைக் கழற்றிச் சாதாரணக் காலரை மாட்டிவிடுங்கள்.

கடைசியாக ஹேண்ட்லர். இந்த வயதில் ஒரு மாதம் வெளியே விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தடுப்பூசி முழுமையாகவில்லை, பத்து நாய்கள் இருக்கும் இடத்தில் கென்னல் இருமலும் பார்வோவும் சுலபமாகத் தொற்றும். அதைவிட, சாதுவான குட்டி புது இடத்தில் இன்னும் சுருங்கும். சுருங்கிய குட்டி கீழ்ப்படிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஷோவில் ஓட்ட ஹேண்ட்லர் வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். புரூனோ உங்கள் கையில் தொய்வான கயிற்றில் பதினைந்தடி வந்த பிறகு, ஷோவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் ஒன்றிரண்டு நாள் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வேறொரு குட்டியை அவர் பழக்குவதை முதலில் பாருங்கள். கயிற்றைச் சுண்டி இழுக்கிறாரா, குட்டி அவர் கையைப் பார்த்ததும் வாலாட்டுகிறதா, இவ்வளவு போதும். முதல் இரண்டு முறை அவர் லீட்டைப் பிடிக்க, நீங்களும் கூடவே நடங்கள். பிறகு தீனிப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, குட்டி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுங்கள். ஷோ நாளிலும் அப்படியே. ரிங்குக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் உங்கள் பக்கம் இழுப்பான். வெளியிலிருந்து நாயின் கவனத்தைத் திருப்புவது எஃப்சிஐ விதிப்படி தடை செய்யப்பட்டதும்கூட.